விழா பாக்கெட்டைத் திருப்பிப் படித்த கதை

போன வாரம் ஷர்மிளா போன் செய்தாள். ஒரகடத்தில் கியர்பாக்ஸ் செய்கிற எங்கள் தொழிற்சாலையில் கேன்டீன் சூப்பர்வைசராக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். "அண்ணே, குடும்ப விழா வருது. ஆளுக்குக் குடுக்கிற தின்பண்டப் பாக்கெட்ல என்ன போடலாம்னு பாத்துட்டு இருக்கேன். இப்ப போன்ல ஒரு ஆப் வந்திருக்கு. பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினா போதும், அதுவே நட்சத்திரம் போட்டுடுது. பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கவே வேணாம்."

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இரண்டாவது லைனில் யார் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறான் என்று அந்தப் போனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அரை மணி நேரம் அவளை விடவில்லை. கடைசியில், பாவம், "அண்ணே, இதெல்லாம் அப்படியே எழுதிக் குடுத்துடுங்களேன், நான் பொறுமையா படிக்கிறேன்" என்றாள். என் வாயை அடைக்கச் சொன்னாளோ, நிஜமாகவே கேட்டாளோ, அது எனக்கு எதற்கு? கேட்டாள், எழுதுகிறேன். இந்தக் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த எங்கள் பழைய ஷெட்டில் கேன்டீன் ஹெல்பராகச் சேர்ந்தேன். மாவு ஆட்டினேன், பாத்திரம் தேய்த்தேன், ஸ்டோர் சாவியை வாங்கினேன், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தேன். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு பிஸ்கட் டின்னைத் தவிர.

மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் போகும்போது அந்த டின்னை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிஸ்கட் ஒரே நாளில் தீர்ந்தது. டின்னின் பின்னால் கட்டம் போட்டு ஒரு அட்டவணை இருந்தது. எனர்ஜி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு. நான் அதை மார்க் ஷீட் என்று நினைத்துக்கொண்டேன். பிஸ்கட்டுக்குப் பரீட்சை வைத்து எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று போட்டிருக்கிறார்கள், எவ்வளவு நாணயமான தேசம் என்று வியந்து, பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த டின்னைக் காட்டினேன்.

இதில் சிரிப்பு என்னவென்றால், பல வருஷம் கழித்து நம்மூர் பாக்கெட்டுகளிலும் அந்தக் கட்டம் வந்தபோது நான் அதே கணக்கில்தான் பிஸ்கட் தேர்ந்தெடுத்தேன். விளையாட்டு விழாவுக்கு நான்கு கம்பெனி பிஸ்கட்டை வரிசையாக வைத்து, எல்லா வரியிலும் எதற்கு எண் அதிகமோ அதை வாங்கினேன். கொழுப்பில் முதல், சர்க்கரையில் முதல், உப்பில் முதல். தங்க மெடல் வாங்கிய பிஸ்கட்டைத்தான் தொழிலாளிக்குக் கொடுக்கிறோம் என்று மேடையில் வேறு சொன்னேன்.

ஒரகடத்துக்கு மாறிய பிறகு நலத்துறை அதிகாரியாக வந்த பத்மாவதி மேடம்தான் அந்தக் கூத்தை நிறுத்தினார். மேடத்துக்குக் குரலே உயராது. கண்ணாடி போட மாட்டார், பாக்கெட்டைக் கையை முழுக்க நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் படிப்பார். எந்தப் பாக்கெட்டை மேசையில் வைத்தாலும் முதல் வேலையாகக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். நான் என் மார்க் கணக்கைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கஜேந்திரன், இந்தப் பரீட்சையில சில பாடத்துல கம்மியா வாங்கினாதான் பாஸ்" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்றைக்கே அவர் பின்னால் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

அவருடைய முறை இது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் மாதிரிப் பாக்கெட்டுகள் வரவேண்டும். நான் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கவேண்டும், அவர் கேட்பார். "இந்தக் கணக்கு நூறு கிராமுக்கா, ஒருத்தர் ஒரு தடவை சாப்பிடறதுக்கா?" ஒரு தடவைக்கு என்றால், "அவங்க ஒரு தடவைன்னு எவ்வளவு சொல்றாங்க?" இருபது கிராம் என்று நான் படிப்பேன். "நம்ம ஆளு இருபது கிராம் மிக்சரோட எழுந்திருப்பாரா?" மாட்டார், மேடம். பாக்கெட் முழுக்க எண்பது கிராம், ஒரே மூச்சில் தீர்ப்பார். "அப்ப நாலால பெருக்குங்க." பெருக்கினால் உப்புக் கணக்கைப் பார்த்து எனக்கே தாகம் எடுக்கும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வரும் என்று அவர் சொன்ன அன்றைக்கு எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம். முன்னால் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா. பாதாம் படம் போட்ட பால் பவுடரில் பாதாம் கடைசியில், வாசனைப் பொடிக்குப் பக்கத்தில். சர்க்கரை என்று ஒரு தடவை எழுதிவிட்டு, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வேறு வேறு சட்டை மாட்டி அதே கூட்டாளிகள் மறுபடி மறுபடி உள்ளே வந்திருப்பார்கள். ஒவ்வொருவனையும் பிடிக்கும்போது திருடனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி இருக்கும் எனக்கு. கல்யாண வீட்டில் ஜூஸ் கொடுத்தால்கூடத் திருப்பிப் படிப்பேன். என் மனைவி, "இன்னா மனுஷன் நீ, நாலு பேர் பாக்கறாங்க, குடிச்சிட்டு வெச்சிடு" என்று கிள்ளுவாள்.

சூப்பர்வைசர் ஆன பிறகு விழா பாக்கெட்டுகளில் என் கைவரிசை தெரிய ஆரம்பித்தது. பப்ஸ் போனது, கலர் ஜூஸ் போனது, லட்டு சின்னதானது. மேடம், "குறைச்சா போதும்" என்றார். நான் பூஜ்யம் வரை போகவேண்டும் என்று துடித்தேன். அந்தத் துடிப்புதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் லட்சமாவது கியர்பாக்ஸ் வெளிவருகிற நாள். டிஸ்பேட்ச் பகுதியில் பந்தல், மேடை, இரண்டு ஷிப்ட்டும் ஒன்றாக. அன்றைக்குப் போட்ட பாக்கெட்டை என் வாழ்நாள் சாதனை என்று நினைத்தேன். வறுத்த கடலை, உப்பில்லாத வேர்க்கடலை, சர்க்கரையே இல்லாத கேழ்வரகு பிஸ்கட், ஒரு அட்டை டப்பா மோர். மொத்தச் சர்க்கரையைக் கூட்டினால் மோரில் இருக்கிற சொட்டுதான். அதோடு விட்டேனா? அன்றைக்கு மட்டும் டீ கவுன்டரில் இருந்த சர்க்கரை டப்பாவையும் தூக்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டி, "இன்று சர்க்கரையில்லாத நாள்" என்று போர்டு மாட்டினேன். மேடம் பாக்கெட்டின் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போர்டு விஷயம் அவருக்குத் தெரியாது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. பாக்கெட்டை வாசலிலேயே கையில் கொடுத்துவிடுவோம், ஆனால் தலைமை விருந்தினர் பேசி முடிக்கும்வரை யாரும் பிரிக்கக் கூடாது. பிளாஸ்டிக் சத்தம் கேட்டால் மேடைக்கு மரியாதை இல்லை என்று. இந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான், மைக்கில் சொன்னவனும் நான்தான். சர்க்குலரில் விழா பதினொன்றரைக்கு, முடிந்ததும் பிரியாணி என்று இருந்தது. விருந்தினருடைய கார் சுங்குவார்சத்திரம் தாண்டி எங்கேயோ நெரிசலில் நின்றுவிட்டது. பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. சாப்பாட்டு நேரம் தாண்டிப்போய் அத்தனை பேரும் பிரிக்காத பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது ஏகாம்பரம் வருகிறான். பென்னலூர்க்காரன், விவசாயக் குடும்பம், டிராக்டர் ஓட்டிய கை. சுமை தூக்குகிற எங்கள் ஃபோர்க்லிஃப்ட் வண்டி டிரைவர்களில் அவன்தான் நம்பர் ஒன். சீட்டைத் தன் சொந்தத் துண்டால்தான் துடைப்பான், அதில் இன்னொருவன் உட்கார்ந்தால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். லட்சமாவது கியர்பாக்ஸை மாலை போட்டு வண்டியின் ஃபோர்க் கம்பிகளில் ஏந்தி மேடைக்கு முன்னால் கொண்டுவந்து இறக்குகிற பெருமை அவனுக்கு. வண்டியோடு மேடைக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தான்.

நான் அந்தப் பக்கம் போனபோது அவன் சீட்டில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கியர்பாக்ஸ் ஆள் உயரத்தில் தூக்கியபடி இருந்தது. "இன்னா ஏகா, சுமைய மேல வெச்சிக்கினு சிரிக்கிற?" என்றேன். என்னைப் பார்த்தான், ஆனால் நான் யார் என்று அவனுக்குப் புரியவில்லை. நாக்கு குழறியது. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி, "காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான் போல கீது சார்" என்றார்.

எனக்கு மட்டும் தெரியும் அது சாராயம் இல்லை என்று. கேன்டீன்காரனுக்குத் தெரியாத வியாதி இல்லை. எட்டு மாதமாக ஏகாம்பரம் டீ வரிசையில் கடைசி ஆளாக வந்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சக்கர வோணாம்ணே" என்று தாழ்ந்த குரலில் சொல்வான். அவனும் விளக்கம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. சர்க்குலரைப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாப்பாடு என்று நம்பி மாத்திரையைப் போட்டிருக்கிறான், சாப்பாடு வரவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது.

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். செக்யூரிட்டியும் நானும் அவனைக் கீழே இறக்கி உட்கார வைத்தோம். மேடத்துக்குப் போன் போட்டேன், நர்ஸை அழைத்துக்கொண்டு கிளம்பினார். முதலுதவி அறை தொழிற்சாலையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவர்கள் வருவதற்குள் சர்க்கரை வேண்டும். ஒரு ஸ்பூன் போதும். சுற்றிப் பார்த்தேன். எழுநூறு பாக்கெட் இருக்கிறது, ஒன்றிலும் இல்லை. நான் படித்துப் படித்து, பொறுக்கிப் பொறுக்கி, ஒரு சிட்டிகை விடாமல் எடுத்துவிட்டேன். டீயில் இல்லை. டப்பா ஸ்டோரில், பூட்டுக்குள்.

மேடையில் விழா கேக் இருந்தது. அதில் வெண்ணெய் அதிகம், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும் என்று மேடம் சொல்லியிருந்தார். விருந்தினர்களின் நாற்காலிக்கு முன்னால் ஜூஸ் டப்பாக்கள் இருந்தன. அது என் தேர்வு இல்லை, முன் ஆபீஸ்காரர்கள் வாங்கியது. 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று முன்னால் கொட்டை எழுத்து. நான் எகிறி மேடை ஏறி, ஒரு டப்பாவைத் தூக்கித் திருப்பினேன். மொத்தச் சர்க்கரை, ஒரு டப்பாவுக்கு இருபத்து நான்கு கிராம். சேர்க்கவில்லை, ஆனால் பழத்திலேயே இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்த சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது பார்த்து விருந்தினர் வந்து சேர்ந்திருந்தார். எங்கள் பிளான்ட் ஹெட் மாலையோடு நின்றவர், "என்ன கஜேந்திரன் இது, அவன் குடிச்சிருக்கானாமே?" என்று பல்லைக் கடித்தார். "குடிக்கலங்க சார், அவனுக்கு சுகர், கொறஞ்சிபோச்சி" என்று நான் கத்தினேன். என் முகத்துக்கு முன்னால் மைக் இருந்ததை நான் பார்க்கவில்லை. பந்தல் முழுக்க ஸ்பீக்கரில் அது கேட்டது.

ஏகாம்பரத்துக்கு விழுங்கத் தெம்பு இருந்தது. உறிஞ்சு குழலை வாயில் வைத்து முதல் டப்பாவைக் கொடுத்தேன். மேடமும் நர்ஸும் வந்துவிட்டார்கள், இரண்டாவதை நர்ஸ் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் கண்ணில் தெளிவு வந்தது. முதலில் கேட்டது, "வண்டி எங்க?" இரண்டாவது, "யார்கிட்ட சொன்ன?" நான் மேடையில் இருந்த மைக்கைக் காட்டினேன். கியர்பாக்ஸை வேறொருவன் கொண்டுபோய் மேடைக்கு முன்னால் இறக்கினான்.

மறுநாளே ஏகாம்பரத்தை ஃபோர்க்லிஃப்டிலிருந்து எடுத்து ஸ்கிராப் யார்டில் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். "நீ என் உசுர காப்பாத்துன, இல்லன்னு சொல்லல. ஆனா என் வண்டிய புடுங்கினதும் நீதான். கேன்டீன் பக்கமே நான் வரல, போ" என்றான். சொன்னபடியே வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மேடம் விசாரணைக்குக் கூப்பிட்டார். மேசையில் அன்றைய பாக்கெட், என் போர்டு, சர்க்குலர் மூன்றும் இருந்தன. பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார், கையை நீட்டிப் பிடித்து எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தார். அவசரமே இல்லை. படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இதை யாருக்காகப் படிச்சீங்க, கஜேந்திரன்?" தொழிலாளிக்காக என்றேன். "எந்தத் தொழிலாளி? பேர் சொல்லுங்க." எனக்குப் பேர் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். எனக்காகத்தான் படித்தேன், மேடம், எண் குறையக் குறைய எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் காலத்து மார்க் பைத்தியம்தான் தலைகீழாகத் திரும்பியிருந்தது.

அறிக்கையை நானே எழுதினேன். பிரிக்கக் கூடாது என்று சொன்னது நான், சர்க்கரையைப் பூட்டியது நான், அவனுக்கு வியாதி என்று தெரிந்தும் நேரம் தப்பியபோது கவனிக்காதது நான். இதற்கு நான் தண்டனை வாங்கிக்கொள்கிறேன், டிரைவர்மேல் தவறில்லை என்று முடித்தேன். மேடம் ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. கீழே தன் கையால், 'இந்தப் பாக்கெட்டுக்கு ஒப்புதல் தந்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பிளான்ட் ஹெட்டிடம் தானே எடுத்துக்கொண்டு போனார். அறைக்கு வெளியே நின்ற எனக்கு உள்ளே பிளான்ட் ஹெட்டின் குரல் மட்டும் கேட்டது. மேடத்தின் குரல் வெளியே வருகிற குரல் இல்லையே. அரை மணி கழித்து உள்ளேயும் சத்தம் அடங்கியது. எனக்கு ஒரு மெமோ வந்தது. ஏகாம்பரத்துக்கு டாக்டர் முழுச் சோதனை செய்யவேண்டும், மருந்து மாற்றிச் சர்க்கரை நிலையாக இருக்கிறது என்று சீட்டு கொடுத்தால் வண்டி திரும்பக் கிடைக்கும், மாதாமாதம் காட்டவேண்டும், வண்டியில் குளுக்கோஸ் இருக்கவேண்டும் என்று உத்தரவானது.

மூன்று வாரம் கழித்துப் பாதுகாப்பு வார விழா. இனிமேல் சாப்பாடு முதலில், பேச்சு அப்புறம் என்று மாற்றிவிட்டோம். சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள் என்று பட்டியல் எடுத்து ஆளுக்கேற்ற பாக்கெட் கொடுக்கலாம் என்றேன் நான். "பேர் எழுதினா ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார் மேடம். அதனால் நான்கு மேசையில் நான்கு விதம். எல்லாப் பாக்கெட்டையும் குப்புற வைத்து, பின்பக்கக் கட்டத்தைப் பெரிதாகத் தமிழில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினேன். இனிப்பு உள்ளது, சர்க்கரை குறைவானது, உப்புக் குறைவானது, சாதாரணமானது. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

வரிசை வந்தது. முதல் ஆள் சாதாரணப் பாக்கெட்டை எடுத்தான். அடுத்தவனும் அதையே எடுத்தான். நாற்பது பேர் அதையே எடுத்தார்கள். சர்க்கரை குறைந்த மேசையைப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கிறவனைப் பார்ப்பார்கள், கை சாதாரணத்துக்குப் போகும். அங்கே கையை நீட்டினால் வியாதியைச் சொன்னதாகிவிடுமே. அந்த மேசையில் ஒரு பாக்கெட் குறையவில்லை.

அப்போது ஹாரன் சத்தம். ஏகாம்பரம். அன்றைக்குக் காலையில்தான் டாக்டர் சீட்டு வந்து வண்டி திரும்பக் கிடைத்திருந்தது, எனக்கே தெரியாது. வாசலில் ஃபோர்க்லிஃப்டை ஓரங்கட்டி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். தன் முறை வரும்வரை என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு வந்ததும் சாதாரணப் பாக்கெட்டை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். பிறகு அதைத் திரும்ப வைத்தான்.

"கஜாண்ணே" என்றான், பந்தல் கேட்க. "எனக்கு சுகர் கீது. எனக்கு எது?"

சர்க்கரை குறைந்த மேசையைக் கையால் காட்டினேன். அவன் ஒன்றை எடுத்து, அங்கேயே நின்று பிரித்து, ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு, "உப்புச் சப்பில்லாம கீதுண்ணே, ஆனா பரவால்ல" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனான்.

அவனுக்குப் பின்னால் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு பெரியவர் நின்றிருந்தார். பத்தொன்பது வருஷமாக என் கேன்டீனில் சாப்பிட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும் சுகர்தாம்பா" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவன், "எனக்கு பிரஷர்ணே, எது எடுக்கறது?" ஏற்கனவே பாக்கெட் வாங்கிப் போயிருந்தவர்களில் நான்கு பேர் திரும்பி வந்து, வாங்கியதை மேசையில் வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரத்தில் சர்க்கரை குறைந்த மேசை காலியாகிவிட்டது. நான் ஸ்டோருக்கு ஓடினேன்.